குறியும் வெறியும்

“துப்பாக்கி வாங்கியிருக்கிறீராமே!”

எட்டுத் திங்களாக இந்தக் கேள்வி என்னைத் தொடர்ந்து வருகிறது. திண்டுக்கல் கடைவீதியில் காய்கறி வாங்கும்போதும் கேட்கின்றனர். பேருந்து நிலையத்தில் நிற்கும்போதும் கேட்கின்றனர். கேட்போர் குரல்தான் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. சிலர் குரலில் அச்சம். சிலர் குரலில் கேலி. பெரும்பாலோர் குரலிலோ, மரியாதை! அச்சத்திற்கு விடை கூறி அமைதிப்படுத்தலாம். கேலியைச் சிரித்துத் தள்ளலாம். ஆனால் அந்த மரியாதை இருக்கிறதே, அதுதான் என் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைப்பற்றி எண்ணிப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

பொருள் இன்னதென்று முதலில் கூறிவிடுகிறேன். என்னிடம் இருப்பது காற்றுத் துப்பாக்கி. வெடிமருந்து கிடையாது, அடைக்கப்பட்ட காற்றின் விசையால் ஈய ரவை பாய்கிறது. குழலின் துளை 4.5 மில்லிமீட்டர். துளை அந்த அளவுக்கு மேற்படாமலும், ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் உரிமம் வேண்டுவதில்லை என்று 2016-ஆம் ஆண்டுப் படைக்கல விதிகள் கூறுகின்றன. உரிமம் வேண்டாம் என்பதால் அது விளையாட்டுப் பொம்மை ஆகிவிடாது. கண்ணைக் குருடாக்கும், பட வேண்டாத இடத்தில் பட்டால் உயிரையும் குடிக்கும். ஆகவே ரவை ஒரு பெட்டியில், துப்பாக்கி வேறொரு பெட்டியில். இரண்டிற்கும் தனித்தனிப் பூட்டு.

பூட்டு என்றதும் என் தந்தையார் நினைவு வருகிறது. திண்டுக்கல்லின் பூட்டை அறியாதார் யார்! 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது அந்தப் பூட்டு. ஆனால் அதைச் செய்தவர் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்? நாற்பது ஆண்டுகள் பட்டறையில் குந்தி, அரத்தை வைத்துப் பித்தளையைத் தேய்த்துத் தேய்த்து, நெம்புகோல்களை மயிரிழை பிசகாமல் பொருத்தியவர் அவர். கண் மங்கும்வரை உழைத்தார். திருமண வீட்டில் பந்தியில் அமர்ந்தபோதும் சரி, ஊர்ப் பொதுக் கூட்டத்தில் நின்றபோதும் சரி, “வாருங்கள், இப்படி உட்காருங்கள்” என்று அவரை அழைத்தவரை நான் கண்டதில்லை. ஊரார் வீட்டுச் செல்வத்தையெல்லாம் காத்துக் கொடுத்த கைக்கு ஊரார் அளித்த மதிப்பு அவ்வளவே!

அந்தக் கையின் பொறுமைதான் இன்று எனக்குப் பயன்படுகிறது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாடிக்குச் செல்கிறேன். கைப்பிடிச் சுவரை ஒட்டித் தடித்த இரும்புத் தகடு வைத்த பெட்டி. அதன் முன் காகிதக் குறி. பத்து மீட்டர் அளந்து கோடு கிழித்திருக்கிறேன். குறியின் நடுவே உள்ள புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்; கடுகினும் சிறியது. நிற்க வேண்டும். மூச்சை மெல்ல விட்டுப் பாதியில் நிறுத்த வேண்டும். விசையை இழுப்பதாக விரலுக்கே தெரியக்கூடாது. நெஞ்சு துடிக்கும் துடிப்பு குழலின் நுனியில் தெரிகிறது! நேற்று யாரோடேனும் சினந்து பேசியிருந்தால் இன்று ரவை அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. சினத்தோடு சுட்டவன் குறி தவறுவான் என்பதை அந்தக் காகிதம் நாள்தோறும் எனக்கு எடுத்துரைக்கிறது.

2008-இல் பெய்ஜிங் நகரில் இந்த விளையாட்டில்தான் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். தனியொருவராக ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் இந்தியர் அவர். எழுபது முறை சுட்டு அவர் பெற்ற புள்ளி 700.5. அந்த எழுபது முறையும் அவர் எதிரே நின்றவர் எவரும் இல்லை. அவர் வென்றது தம் கை நடுக்கத்தை!

இவ்வளவும் கூறியபின் மரியாதைக்கு வருகிறேன்.

எங்கள் தெருக் கோடியில் பெரியவர் ஒருவர் உண்டு. நிலபுலம் உடையவர். இருபது ஆண்டுகளாக என்னைக் கண்டும் காணாதவர்போல் செல்பவர். துப்பாக்கிச் செய்தி பரவிய மறு வாரம், தேநீர்க் கடை விசுப்பலகையில் தாமே சற்று நகர்ந்து, “உட்காருப்பா! என்ன இருந்தாலும் நீயும் வீரப் பரம்பரைதானே!” என்றார். இருபது ஆண்டுகள் நான் நூல்கள் பல படித்தேன். பிள்ளைகளுக்கு இரவுப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அப்போதெல்லாம் கிடைக்காத இடம், ஓர் இரும்புக் குழல் வந்ததும் கிடைத்துவிட்டது. படித்தவனுக்கு நகராத பலகை, சுடத் தெரிந்தவனுக்கு நகர்கிறது என்றால், அந்தப் பலகையில் அமர்வது பெருமையா?

அடுத்து வந்தார்கள் உறவுக்காரப் பிள்ளைகள் சிலர். “மாமா, அண்ணன் கல்யாணத்துக்கு பிளக்ஸ் அடிக்கிறோம். நீங்க துப்பாக்கியோட நிக்கிற மாதிரி ஒரு படம் வேணும்” என்றனர். அந்தப் பதாகைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வத்தலக்குண்டுச் சாலையில் பாருங்கள், பழனிச் சாலையில் பாருங்கள். ஒருபுறம் சிங்கம், ஒருபுறம் வாள், நடுவே சாதியின் பெயர், அதன் கீழே ‘ஆண்ட பரம்பரை’! ஆண்டது எந்த நாட்டை, எந்த ஆண்டில் என்று கேட்டால் விடை இல்லை. அடுத்த தெருவில் குடியிருப்பவன் அஞ்ச வேண்டும். அதற்குத்தான் அந்தப் படம். “மணமக்களை வாழ்த்துவதற்குத் துப்பாக்கி எதற்கடா? யாரைச் சுடப் போகிறார்கள் அவர்கள்?” என்று கேட்டேன். முகம் சுளித்துச் சென்றனர். அந்தத் திருமணத்திற்கு எனக்கு அழைப்பு வரவில்லை. வருத்தமும் இல்லை. வடபுலத்தில் திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுட்டு, மாண்டவர் பலர். அதனால்தான் 2019-இல் சட்டத்தைத் திருத்தி, கொண்டாட்டத்திற்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஊறு தேடுவோருக்கு இரண்டாண்டு வரை சிறை என்றனர். நம் ஊரில் இன்று பதாகையில் இருக்கும் துப்பாக்கி, நாளை கைக்கு வர நெடுநாள் ஆகாது.

“ஆயுதம் வைத்திருப்பது ஆண்டவன் அடையாளமன்றோ?” என்று கேட்பார் உண்டு. சரி, வரலாற்றைக் கேட்போம். 1755-இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்த ஐதர் அலி, பிரெஞ்சுக்காரர் துணைகொண்டு இங்கேதான் பீரங்கிப் பட்டறையை அமைத்தார். நம் மலைக்கோட்டை அதற்குச் சான்று. அதே சமவெளியில், விருப்பாட்சிக் கோபால நாயக்கர் வெள்ளையரை எதிர்த்து, 1801-இல் தூக்கு மேடை ஏறினார். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார்: பாளையக்காரர் கோட்டைகள் இடிபட வேண்டும், மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். பின்னர் 1878-இல் லிட்டன் காலத்துப் படைக்கலச் சட்டம் வந்தது. இந்தியன் என்றால் உரிமம் வேண்டும். ஐரோப்பியன் என்றால் வேண்டாம்! தோலின் நிறம் பார்த்துத் துப்பாக்கி கொடுத்த சட்டம் அது. 1959-இல்தான் அதை அகற்றிப் புதுச் சட்டம் இயற்றினோம்.

நிறம் பார்த்தது போயிற்று. பிறப்புப் பார்ப்பது முற்றும் போயிற்றா? குடகில் பிறந்த குடவர்க்கும், அங்கே ‘ஜம்மா’ நிலம் உடையார்க்கும் உரிமத்திலிருந்து விலக்கு, வெள்ளையன் காலத்திலிருந்தே உண்டு. 2019-இல் அதை மேலும் பத்தாண்டுகள் நீட்டினர். குடவர் மீது எனக்குப் பகையில்லை. பிறப்பும் நிலமும் ஆயுதத்திற்குத் தகுதியாகலாமா என்பதே என் வினா.

மறுபக்கமும் பாருங்கள். நரிக்குறவர் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கியை நம் பாட்டன் பாட்டியர் நன்கு அறிவர். குழல் வாய் வழியே மருந்தைக் கெட்டித்து, ரவை போட்டு, கொக்கும் காடையும் சுட்டு வயிறு கழுவியவர்கள். 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், வேண்டிய சட்டம். ஆனால் வேட்டையை நிறுத்தச் சொன்ன நாடு, வேறு தொழிலைக் கற்றுக் கொடுத்ததா? ஊசியும் பாசிமணியும் விற்கும்படி பேருந்து நிலையங்களில் விட்டுவிட்டது. பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்த்தது 2023-இல்தான்! அரண்மனைக்காரன் துப்பாக்கி எடுத்தால் ‘வீரம்’. நிலக்கிழான் எடுத்தால் ‘கௌரவம்’. நரிக்குறவன் எடுத்தால் ‘பிடி அவனை!’ ஒரே இரும்பு, ஒரே மரம். மதிப்பு மட்டும் ஏன் பிறப்புக்குப் பிறப்பு மாறுகிறது? எனக்குக் கிடைத்த மரியாதை துப்பாக்கிக்குக் கிடைத்ததன்று. அச்சத்திற்குச் செலுத்தப்பட்ட வரி! அந்த வரியை வாங்க எனக்கு விருப்பமில்லை.

ஆயுத பூசையன்று பக்கத்து வீட்டு அம்மையார் அன்போடு சந்தனக் கிண்ணத்துடன் வந்தார். “துப்பாக்கிக்குப் பொட்டு வைத்து ஒரு மாலை போடுங்க தம்பி, குறி தப்பாது” என்றார். “அம்மா, இது கேட்பது எண்ணெயும் துணியும். சந்தனம் குழலுக்குள் போனால் துருதான் பிடிக்கும்” என்றேன். சிரித்துவிட்டுச் சென்றார். நல்லவர், கருவியைத் துடைப்பதும் அதைத் தொழுவதும் ஒன்றென்று நம்பவைக்கப்பட்டவர்.

எல்லாவற்றினும் பெரிய பூகம்பம் என் தமக்கை மகளால் வந்தது. பதினாறு வயது. ஒரு நாள் மாடிக்கு வந்து, “மாமா, நான் சுடட்டுமா?” என்றாள். சட்டம் பழகும் முன் விதி பழக வேண்டும் என்று, ஒரு திங்கள் ரவையின்றி நிற்கவும் மூச்சடக்கவும் பயிற்றினேன். பின்னர் ரவை கொடுத்தேன். எனக்குக் கைகூட ஆறு திங்கள் ஆன நிதானம் அவளுக்கு ஆறு வாரத்தில் கைவந்தது. உடனே கிளம்பிற்று உறவினர் கூட்டம்! “பொட்டப்புள்ளைக்குத் துப்பாக்கி எதுக்கு? நாளைக்குப் பொண்ணு பார்க்க எவன் வருவான்?”

அவர்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். காளியின் படம், எட்டுக் கை, எட்டிலும் ஆயுதம்! படத்தில் இருக்கும் பெண் எட்டு ஆயுதம் ஏந்தினால் கற்பூரம். வீட்டில் இருக்கும் பெண் ஒன்றைத் தொட்டால் கலவரம்! 1772-இல் கணவரை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்தது நம் விருப்பாட்சியில் அன்றோ? ஐதரின் துணை பெற்றுப் படை திரட்டி, 1780-இல் சிவகங்கையை மீட்டார் அன்றோ? அவருக்குச் சிலை வைப்போம், மருமகளுக்குத் தடை வைப்போம் என்பது என்ன நீதி?

ஆடவரோடு நேர்நின்று பெண் வென்ற கதை வெளிநாட்டிலும் உண்டு. 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மார்கரெட் மர்டாக் என்ற அமெரிக்கப் பெண், முதலிடம் பெற்ற ஆடவர் லேனி பாஷமோடு சரிநிகர் புள்ளி பெற்றார். விதிப்படி வெள்ளிதான் என்றனர். பாஷமோ அவரைத் தம் மேடைக்கே கைதூக்கி அழைத்துக்கொண்டார். 1992-இல் பார்சிலோனாவில், ஆணும் பெண்ணும் சேர்ந்து போட்டியிட்ட ‘ஸ்கீட்’ பந்தயத்தில் சீனப் பெண் ஜாங் ஷான் தங்கம் வென்றார். பரிசு என்ன தெரியுமா? 1996-இல் அந்தப் போட்டியில் பெண்களுக்கே இடமில்லை! உத்தரப் பிரதேசத்துச் சந்திரோ தோமர், அறுபது வயது கடந்தபின் பேத்தியோடு சென்று துப்பாக்கி பழகி, வீட்டு ஆடவருக்குத் தெரியாமல் போட்டிகளில் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். இவற்றையெல்லாம் தமக்கையிடம் எடுத்துரைத்தேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவ பத்தாவதுல வாங்கின மார்க்கைக் கேட்டு எவனும் வரலை. இதைக் கேட்டு வராதவன் வராமலே போகட்டும்” என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் துப்பாக்கி வாங்கியது தகும்.

என் கருத்துகளைத் தொகுத்துக் கூறுகிறேன். வெடிமருந்துத் துப்பாக்கிக்கு உரிமம் கடுமையாகவே இருக்கட்டும். ஒருவருக்கு மூன்று என்றிருந்ததை 2019-இல் இரண்டாகக் குறைத்தது சரி. அதனினும் குறைத்தாலும் எனக்குக் குறையில்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தால் எளியவன் காப்பாற்றப்படுவான் என்று கூறுவோரை நான் ஏற்கவில்லை. விலை கொடுக்க வல்லவனே முதலில் வாங்குவான். எளியவன் முதலில் வீழ்வான். எளியவனுக்குப் படைக்கலம் வாக்குச் சீட்டும் கல்வியுமே.

ஆனால் குறி பயிலும் கலையைக் கோட்டைச் சுவருக்குள் விட்டுவிடலாகாது. பிக்கானேர் அரசர் கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டார். நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிருதிவிராஜ் 2024-இல் பாரிசுக்குச் சென்றார். திறமைசாலிகள், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பாரிசில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே அப்போது இரயில்வேயில் பயணச்சீட்டு ஆய்வாளராக இருந்தவர்! வாய்ப்புக் கிடைத்தால் எவர் கையும் நிதானம் பெறும். மாவட்டத்திற்கு ஒரு பயிற்சிக் கூடம் வேண்டும். பூட்டுப் பட்டறைப் பிள்ளையும், தோல் பதனிடும் தொழிலாளி மகளும், நரிக்குறவர் குடியிருப்புச் சிறுவனும் ஒரே கோட்டில் நின்று சுட வேண்டும். அங்கே கேட்கப்படுவது சாதி அன்று, புள்ளி!

இளைஞர்களே! அடுத்த திருமணப் பதாகையில் மணமக்கள் படித்த படிப்பை எழுதுங்கள். செய்யும் தொழிலை எழுதுங்கள். வாளும் துப்பாக்கியும் அங்கே வேண்டா. அண்டை வீட்டான் நெஞ்சை நோக்கி நீளும் குழல் வெறி. தன் நெஞ்சின் துடிப்பை அடக்கக் கற்பிக்கும் குழலே குறி. நமக்கு வேண்டியது எது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.