கீழக்கரையில் ஏழு சொற்கள்

நாளுக்கு ஒரு சொல். அச்சொல்லுக்கு ஒரேயொரு நிழற்படம். உலகெங்கும் பலர் மேற்கொண்டுவரும் பயிற்சி இது. 'கல்' என்றால் அன்று முழுவதும் கண்கள் கல்லையே தேட வேண்டும். 2024 ஏப்ரலில், விடுமுறைக்கு முன் என் மாணவர்கள் எழுதித் தந்த ஏழு சொற்களோடு, நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் கீழக்கரை சேர்ந்தேன்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் அமைந்த இவ்வூரை வள்ளல் சீதக்காதியின் ஊராக நீங்கள் அறிந்திருப்பீர்கள். உயிருள்ளவற்றைப் படமெடுப்பது குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; முகங்களைத் தவிர்ப்பதென முன்னரே தீர்மானித்திருந்தேன்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. சொல், 'கல்'. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்களுக்கிடையே நின்றேன். தூணும் போதிகையும் திராவிடக் கட்டடக் கலையின் வார்ப்பு. ஆனால் உருவம் ஒன்றுகூட இல்லை. கொடியும் மலருமே அங்கே சிற்பம். தமிழ்ச் சிற்பியின் உளி தவ்ஹீதின் வரம்புக்குள் நின்று எத்துணை அழகைப் படைத்திருக்கிறது! பள்ளியை ஒட்டியே சீதக்காதியின் அடக்கத்தலமும் உள்ளது. நம் ஊர்கள் பலவற்றில் இத்தகைய கல்பள்ளிகளை இடித்துவிட்டுச் சிமெண்டில் எழுப்பிவிட்டார்கள். இடமில்லை என்னும் காரணம் நியாயமானதே. எனினும், இடிப்பதற்கு முன் ஒரு தூணையேனும் அளந்து, படமெடுத்து, தேதி குறித்து வைத்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் மஹல்லாவில் அவ்வேலை இன்னும் மிச்சமிருந்தால், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாம் நாள், 'நிழல்'. மாணவர்கள் இச்சொல்லை விளையாட்டாக எழுதியிருக்கலாம். எனக்கோ அது ஃபிக்ஹுப் பாடமாயிற்று. ஒரு பொருளின் நிழல், நண்பகலில் இருந்த நிழல் நீங்கலாக, அப்பொருளின் உயரத்தைக் கடக்கும்போது அஸர் நேரம் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். (ஹனஃபி வாசகர்கள் 'இருமடங்கு' என்று திருத்துவது காதில் விழுகிறது.) அந்த 'நீங்கலாக' என்னும் சொல்லை மாணவர்களுக்கு விளங்கவைப்பது எளிதன்று. கீழக்கரையில் டிசம்பர் நண்பகலில் நிழல் வடக்கே, பொருளின் உயரத்தில் பாதிக்கு மேல் நீளும். ஜூன் மாதத்தில் தெற்கே திரும்பிவிடும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நான் கடற்கரை மணலில் கோல் நட்ட ஏப்ரல் 13 அத்தகைய நாள். பகல் 12:15 மணியளவில் கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிட்டது. மாலை 3:15 மணியைக் கடந்ததும் அது கோலின் நீளத்தை எட்டிற்று. இரண்டில் எதை எடுப்பது? நிழலற்ற கோலையே எடுத்தேன். 'நிழல் எங்கே, உஸ்தாத்?' என்று அவர்கள் கேட்பார்கள் அல்லவா? பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

மூன்றாம் நாள், 'கதவு'. பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று, ஸலாம் கூறி நுழையுமாறு ஸூரத்துந் நூர் கட்டளையிடுகிறது. கேமராவின் கண்ணுக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து. ஆகவே, திறந்திருந்த அழகிய கதவுகள் பலவற்றைக் கடந்து, மூடியிருந்த பழங்கதவொன்றை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு எடுத்தேன்.

நான்காம் நாள், 'எழுத்து'. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் வாழ்ந்த ஊரில் அரபுத்தமிழைத் தவிர வேறெதைத் தேடுவது? பெரியவர் ஒருவர் பூச்சி அரித்த நூலொன்றைத் துணியிலிருந்து பிரித்துக் காட்டினார். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகள் கூட்டி அமைத்த எழுத்துகள் அதில் இருந்தன. அவருக்கு அதை வாசிக்கத் தெரியும், பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாதாம்.

'கயிறு', 'நீர்' இரண்டும் கடற்கரையிலேயே எளிதாய்க் கிடைத்தன. ஏழாம் நாள், 'கை'. அதே பெரியவரிடம் மீண்டும் சென்றேன். நூலை விரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்து, வலமிருந்து இடமாக நகர்த்தி வாசித்துக்கொண்டே போனார். பக்கம் முடியும்வரை காத்திருந்து எடுத்தேன்.