வெள்ளைச் சீருடையும் கறுப்பு அபாயாவும்

பாடசாலை விடும் ஒன்றரை மணி வெயில் படத்துக்கு ஆகாது. தலைக்கு நேரே நின்று கண்குழிக்குள் இருட்டைப் போடும். ஆனால் மட்டக்களப்பு நாவற்குடாவில் உடுப்பெல்லாம் ரோட்டுக்கு வருவது அந்த நேரத்தில்தான். கல்லடிப் பாலத்தால் இறங்கிக் காத்தான்குடிக்குப் போகும் பிரதான வீதி. பஸ் தரிப்பிடத்தில் வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை, பக்கத்தில் கறுப்பு அபாயாவில் ஒரு தாய். நான் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன். ஓய்வு கிடைத்தால் தெருவில் உடுப்பைப் படம் பிடிப்பேன். இந்த இரண்டு பேரையும் ஒரே படத்துக்குள் ஒழுங்காகக் கொண்டுவர எனக்குப் பல வருடம் எடுத்தது.

கமராவின் ஒளிமானிக்கு ஆள் தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். வெள்ளையைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைத்துச் சீருடையை அழுக்காக்கும். கறுப்பைக் காட்டினால் கூட்டிவிட்டு, புது அபாயாவையும் கழுவி வெளிறியதாக்கும். வெள்ளைக்கு ஒரு ஸ்டொப் கூட்டு, கறுப்புக்கு ஒன்று குறை என்பது தொழில் பழக வந்தவனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது. இரண்டும் சேர்ந்து நின்றால்? நான் வெள்ளையைத்தான் காப்பாற்றுவேன். வெள்ளை எரிந்துபோனால் மடிப்பும் தையலும் திரும்பி வராது. கறுப்பை ரோ கோப்பில் பிறகு கொஞ்சம் தூக்கலாம். அப்படித் தூக்கிப் பார்த்த ஒருநாள்தான் கண்டேன், வெறும் கறுப்பென்று நான் நினைத்த உடுப்பின் கைவிளிம்பில் கறுப்பு நூலாலேயே பூவேலை. பக்க வெளிச்சம் விழாமல் அது தெரியாது. இப்போது வாவிப் பக்கமிருந்து வெயில் சாயும் ஐந்து மணிக்கு அதற்கென்றே ஒருமுறை போகிறேன். ஆனால் 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்புக்குப் பிறகு முகத்திரையைத் தடைசெய்திருந்த மாதங்களில், கறுப்பு உடுப்பைக் கண்டு ஒதுங்கி நின்றவர்களில் நானும் ஒருவன். அந்த வருடத்து என் கோப்புகளில் ஒரு அபாயாப் படமும் இல்லை.

என்னையும் ரோட்டில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் பொக்கற் நிறைந்த ஒரு மேலங்கி வாங்கிப் போட்டேன், லென்ஸ் வைக்க வசதியென்று. சுனாமிக்கும் போருக்கும் பிறகு இந்தப் பக்கம் அது என்ஜிஓக்காரரின் சீருடை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு அம்மா வேலிக்குள்ளிருந்து பைலோடு ஓடிவந்தார். “வீட்டுத்திட்டத்துக்குப் படிவம் குடுத்து ரெண்டு வருசம் மனே, இன்னும் ஒண்டும் வரல்ல.” படம் கேட்க வாய் வரவில்லை. பைலை வாங்கிப் பார்த்துவிட்டு நான் அந்த ஆள் இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

நியூயோர்க்கில் தெரு உடுப்பைப் பல பத்தாண்டுகள் படம்பிடித்த பில் கன்னிங்காம், 2016இல் இறக்கும்வரை பிரெஞ்சுத் தொழிலாளர் போடும் நீல மேலங்கியோடு சைக்கிளில்தான் திரிந்தார். முன்பு தொப்பி செய்தவர். உலகத்து உடுப்பையெல்லாம் பார்த்த மனிதர் தனக்கு ஏன் அந்த ஒன்றை வைத்துக்கொண்டார் என்று அந்த பைலுக்குப் பிறகுதான் யோசித்தேன். இப்போது நிறம் போன சேர்ட்டும் பாட்டாவும்தான். கரன்ட் பில் எழுத வந்தவன் என்று சிலர் நினைக்கிறார்கள். பரவாயில்லை.

சோறு போடும் வேலையில் இவ்வளவு சுத்தமாக நான் இல்லை. “தம்பி, புள்ளய கொஞ்சம் நிறமாக்கி விடுங்க” என்று கேட்காத கல்யாண வீடு குறைவு. செய்து கொடுத்திருக்கிறேன். முகத்தை வெளுக்கலாம், ஆனால் கழுத்தும் மருதாணிக் கையும் பழைய நிறத்திலேயே நின்று காட்டிக் கொடுக்கும். அவற்றையும் வெளுக்கப் போனால் கூறையின் சரிகை செத்துவிடும். இது கணினியோடு வந்த பழக்கமுமில்லை. பிலிம் காலத்தில் கோடாக் லாப்களுக்கு அனுப்பிய நிறம் பார்க்கும் அட்டையில் பல காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். ‘ஷேர்லி அட்டை’ என்பார்கள். அவள் தோல் சரியாக விழுந்தால் மெஷின் சரி. எங்கள் நிறம் அந்தக் கணக்கில் கடைசியாகத்தான் வந்தது.

போன வருடம் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவிடம், அவர் தானே வெட்டித் தைத்த சட்டையைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். யோசித்தார்.

“முகம் வேணாம் தம்பி. பின்னுக்கு நிண்டு எடுங்க.”

திரும்பி நின்று பின்னலை முதுகில் நேராக்கினார். இடுப்புக்குக் கீழே இறங்கும் பின்னல். “முந்தி கட்டையா வெட்டியிருந்தன்” என்றார், சுவரைப் பார்த்தபடி. ஏனென்று நான் கேட்கவில்லை. புலிகள் இயக்கத்தில் இருந்த பெண்கள் பலர் அப்படி வெட்டியிருந்தார்கள். போர் முடிந்த பிறகு ஊரும் சென்றியும் ஒரு பெண்ணைப் பிடரியில்தான் வாசித்தன. முடி வளரும்வரை முக்காட்டோடு திரிந்தவர்களை இந்த ரோட்டிலேயே கண்டிருக்கிறேன்.

நான் சட்டையைப் பார்த்து எடுத்தேன். தோள் தையல், முதுகு வெட்டு, எல்லாம் நன்றாக விழுந்திருந்தது. திரையைக் காட்டினேன்.

“நுனிமட்டும் விழுந்திருக்கா?”

இடுப்போடு வெட்டியிருந்தேன். நாலடி பின்னுக்குப் போய் மறுபடி எடுத்தேன்.