மணல் மூடிய வயல்

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் அது விரைந்து அகலவில்லை. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களில் மழையைக் கொட்டிற்று. டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. கபிலர் உயிர்நீத்த இடமென்று திருக்கோவிலூர் மக்கள் போற்றும் கபிலர் குன்றைச் சூழ்ந்தோடிய தென்பெண்ணை, கரை தாண்டி வயல்களுக்குள் புகுந்தது.

சில நாள்களில் நீர் வடிந்தது. ஆற்றோர வயல்களில் மணல் தங்கிவிட்டது.

பயிர் அழிந்தால் ஒரு பருவம் போகும். மேல்மண் அழிந்தால் எத்தனை பருவம் போகும் என்று எவராலும் சொல்ல இயலாது. தொழுவுரமும் ஏரி வண்டலும் இட்டுத் தலைமுறைகளாகப் பதப்படுத்திய மண் அது. மணலில் நீர் நிற்பதில்லை, நெல்லும் நிற்பதில்லை.

அரசு குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாயும், நீர்ப்பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாயும் அறிவித்தது. அன்றைய அடுப்பெரிய அது உதவியது. 3 அங்குலத்துக்கு மேல் மணல் படிந்த நிலத்தைச் சீர்செய்யச் சிறு, குறு உழவருக்கு எக்டேருக்கு 18,000 ரூபாய் வழங்க அப்போதைய பேரிடர் நிவாரண விதிகளில் இடமிருந்தது. ஆனால், அள்ளிய மணலை எங்கே கொட்டுவது? பக்கத்து வயலில் கொட்ட முடியாது. ஆற்றில் தள்ளினால் அடுத்த வெள்ளம் திருப்பிக் கொணரும். வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவரின் நிலை இன்னும் கடினம். பட்டா வேறொருவர் பெயரில் இருக்கிறது. 'இதில் உழுதவர் யார்?' என்று கேட்டாலன்றி அவர் எந்தக் கணக்கிலும் வாரார்.

நாகப்பட்டினம் இத்தகைய துயரை முன்பே கண்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை புகுந்த வயல்களில் உப்புப் படிந்தது. இனி அவை விளையா என்றே பலரும் கருதினர். உழவர்கள் வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்தனர், ஜிப்சம் இட்டனர், தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதனர். 2005ஆம் ஆண்டின் பெருமழையும் கைகொடுத்தது. சில பருவங்களில் பல வயல்கள் மீண்டும் பச்சை பிடித்தன. அதே கடற்கரையில் உதவ வந்தோர் தேவைக்கு மிஞ்சிப் படகுகளை வழங்கியதும் உண்டு. கொடுப்பதற்கு முன் கேட்டிருக்கலாம்.

கல்வராயன் மலையில் சிக்கல் வேறு வகையானது. அங்கே மண் வந்து மூடுவதில்லை; சரிவிலிருந்து கரைந்து போகிறது. மலையாளிப் பழங்குடியினர் மானாவாரியாகப் பயிரிடும் மரவள்ளி முதிர ஏறத்தாழ 10 மாதங்கள் ஆகும். கிழங்கைப் பிடுங்கும்போது மண் மேலும் தளர்கிறது. கல்வரப்பு கட்டினால் அது தங்கும். அதைக் கட்டும் பணிக்கு மலைமக்களுக்கே கூலி கிடைத்தால், வேலை தேடிக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகும் குடும்பங்களுள் சிலவாவது ஊரில் இருக்கும். அவர்தம் பிள்ளைகளின் படிப்பும் இடையில் அறாது.