கேட்டுக்கு மேலே ஒரு வரி

காக்களூர் சிட்கோ எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வாரத்தில் மூன்று நாள் கணக்கு எழுதப் போகிறேன். மற்ற நாட்களில் பத்திரிகைக்கு எழுதுகிறேன். (எதில் சோறு வருகிறது என்று பி.காம். படித்தவனிடம் கேட்காதீர்கள்!) கம்பெனி கேட்டுக்கு மேலே பித்தளை எழுத்தில் ஒரு வரி. எல்லா ஊரும் நம்ம ஊர், எல்லாரும் நம்ம சொந்தக்காரர் என்று சொல்லும், உங்களுக்கும் மனப்பாடமான அதே வரிதான்.

ஒரு நாள் கேட்டில் நிற்கிற கூர்க்கா கேட்டார்.

"ஸாப், நாலு வருஷமா இதுக்குக் கீழே நிக்கிறேன். என்ன எழுதியிருக்கு?"

அர்த்தம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே. 2019-ல் பிரதமர் ஐ.நா. சபையில் இதைச் சொன்னதையும் சேர்த்துவிட்டேன்.

தலையாட்டிக் கேட்டுக்கொண்டவர், "அப்போ நான் கேன்டீன் உள்ளே உக்காந்து சாப்பிடலாமா?" என்றார்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கேன்டீன் கிடையாது. அந்த சர்க்குலரை டைப் அடித்தவனே நான்தான்! திருதிருவென்று முழித்தேன். அவரே காப்பாற்றினார். "எங்க அப்பா ஒரு வரி சொன்னா, மிச்சப் பாட்டையும் பாடிடுவார். இதுக்கு மிச்சம் என்ன ஸாப்?"

மிச்சமா? எனக்குத் தெரிந்ததே அந்த ஒரு வரிதான். அக்கவுன்ட்ஸில் விசாரித்தேன். ஒருவர் திருக்குறள் என்றார். இன்னொருவர் பாரதியார் என்று அடித்துச் சொன்னார். ஸ்டோர்ஸ்காரர், "சினிமா பாட்டுதானே?" என்றார்.

சனிக்கிழமை திருவள்ளூர் நூலகத்துக்குப் போனேன். புறநானூறு, 192-ஆம் பாட்டு. பாடியவர் கணியன் பூங்குன்றனார். அவர் ஊர் சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டி என்கிறார்கள். கணியன் என்றால் நாளும் கோளும் கணித்துச் சொல்பவராம். கணக்குப் போடுகிறவர் என்று நான் எடுத்துக்கொண்டேன். நம்ம டிபார்ட்மென்ட்! நற்றிணையிலும் அவருக்கு ஒரு பாட்டு இருக்கிறது, 226. மருந்துக்காக மரமே சாகும்படி யாரும் பறிக்கமாட்டார்கள், நாட்டின் வளம் கெடும்படி ராஜா பொருள் பிடுங்கமாட்டார் என்கிறார். சந்தேகமே இல்லை, அக்கவுன்டன்ட்தான்.

இந்த வரி ரெண்டாயிரம் வருஷமாக ஜனங்கள் வாயில் புரண்டு வந்தது என்றல்லவா நினைத்திருந்தேன்? ஓலைச்சுவடிகளில் கிடந்த புறநானூற்றை உ.வே.சா. தேடி, ஒப்பிட்டு, அச்சில் கொண்டுவந்தது 1894-ல். மேடை, சுவர், லெட்டர்பேட், எங்கள் கேட் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பாட்டு மொத்தம் 13 வரி. நல்லதோ கெட்டதோ அடுத்தவன் கொடுத்து வருவதில்லை. சாவு ஒன்றும் புதிசில்லை. மழை கொட்டி, பாறையில் மோதி இரைகிற பெரிய ஆற்றில் தெப்பம் போகிற மாதிரி உயிர் அதன் வழியில் போகிறது. இது தெரிந்ததால் பெரியவர்களைப் பார்த்து வாய் பிளப்பதில்லை என்கிறார். சின்னவர்களை இளக்காரமாகப் பார்ப்பது அதைவிடவும் இல்லையாம். அங்கே முடிகிறது பாட்டு. இந்தக் கடைசி வரியை எந்தக் கம்பெனி கேட்டிலாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

திங்கட்கிழமை போய்ச் சொன்னேன். ஆறு, பாறை, தெப்பம் எதையும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மலையாற்றில் வெள்ளம் எப்படி இரையும் என்று அவர்தான் எனக்கு விளக்கினார். கூவத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

கடைசி வரியைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நாலு வருஷத்துல நீங்க என் பேரைக் கேட்டதில்லை ஸாப்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரி சொன்னார். என் வவுச்சரில் அவர் 'செக்யூரிட்டி, 2 நபர்' என்பதில் ஒரு நபர். பேரைக் கேட்டு, எழுத்துக் கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டேன்.

கேன்டீன் விஷயத்தை மேனேஜரிடம் எடுத்துப் போனேன். "பார்க்கலாம்" என்றார். மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுவரைக்கும் என் டிபன் பாக்ஸ் கேட் ரூமுக்குப் போகிறது. அவருடைய உருளைக்கிழங்கில் கடுகெண்ணெய் மிதக்கிறது. முதல் நாள் ராத்திரி என் வயிறு, மேற்படி பாட்டில் வருகிற ஆறு மாதிரியே இரைந்தது. என் புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு அவர் வயிறு என்ன பாடுபடுகிறதோ, மனிதர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.