நாளைக்கும் வர வேண்டும் என்றால்…

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர், நெல்லில் இலைச்சுருட்டுப் புழு பற்றி எழுதிய கடிதத்தின் அடியில் இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார். “காலையில ஆறு மணிக்கு உங்களுக்குப் போன் போட்டா, ‘ஓடிக்கிட்டு இருக்கேன், அரை மணி நேரத்துல கூப்பிடுறேன்’னு சொல்றீங்க. விடிஞ்சதுலேருந்து இருட்டுற வரைக்கும் நாங்க வயல்லதான் கிடக்கோம். எங்களுக்கும் ஓட்டம் வேணுமா சார்?”

புழுவுக்கான பதில் கேள்வி - பதில் பகுதியில் வந்துவிட்டது. இந்தக் கேள்வி நாலு வரியில் அடங்காது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு 56 வயது. அலுவலகம் சேப்பாக்கத்தில், வீடு மயிலாப்பூரில். ஐந்து வருடமாக ஓடுகிறேன். அரை மாரத்தான் என்று சொல்லப்படும் 21.1 கிலோமீட்டர் ஓட்டத்தை நாலு முறை முடித்திருக்கிறேன். ஒருமுறைகூட முதல் பாதிப் பேரில் நான் வந்ததில்லை. பரிசுப் பணம் கிடையாது. முடித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பதக்கம் மாட்டிவிடுவார்கள்; கடைசியாக வருகிறவருக்கும் உண்டு. ‘காசு கட்டி, வேர்வை சிந்தி, வெறும் தகரத்தோடு வருகிறீர்களே’ என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

வாரத்தில் நாலு நாள் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூரம் அதிகம். மெரினா கலங்கரை விளக்கத்தில் தொடங்கி, சாந்தோம், பட்டினப்பாக்கம் வழியாக அடையாறு திரு.வி.க. பாலம் ஏறி இறங்கி, பெசன்ட் நகர் கடற்கரை வரை போய்த் திரும்புவேன். லூப் ரோட்டில் நொச்சிக்குப்பம் பக்கம் போனால், விடியும் முன்பே மீனவர்கள் வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். முதல் தடவை என்னைப் பார்த்த ஒரு பெரியவர், “யாரு சார் துரத்துறா?” என்று கேட்டார். ராத்திரி முழுக்கக் கடலில் உழைத்துவிட்டு வந்தவருக்கு, சும்மா ஓடுகிறவனைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். மன்னார்குடி வாசகர் கேட்டதும் அதே கேள்விதான்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

எங்களோடு தி.நகரிலிருந்து ஒருவர் வருவார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் நான் நன்றாக ஓடுகிற உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டினேன். அவர் கூட்டவில்லை. “ஏன் சார், முடியலையா?” என்றேன். “முடியும். ஆனா நாளைக்கும் வரணும்ல?” என்றார்.

இத்தனை வருடத்தில் ஓட்டத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் என் மனதில் தங்கியது இது ஒன்றுதான். தொழில்முறை வீரர் இன்றைக்கு ஜெயிக்க ஓடுகிறார். எங்களைப் போன்றவர்கள் நாளைக்கும் ஓடுவதற்காக ஓடுகிறோம். அதனால் எங்கள் கணக்கே வேறு. இந்த வாரம் 20 கிலோமீட்டர் ஓடினால் அடுத்த வாரம் 22க்கு மேல் போவதில்லை. பத்தில் ஒரு பங்கு மட்டும் ஏற்றுவது ஓடுகிறவர்கள் பலர் வைத்திருக்கும் வழக்கம். பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச மூச்சு வரவில்லை என்றால் குறைத்துவிடுவோம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. அன்றைக்கு ஓடாமல் இருப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

இப்போது வயலுக்கு வாருங்கள். நடவு சமயத்தில் பத்து நாள் குனிந்த முதுகு நிமிர்வதில்லை. வரப்பு வெட்டும் நாளில் ஒரே தோளுக்கு மொத்த பாரமும். பிறகு பயிர் வளர்கிற மாதத்தில் மருந்து, உரம், தண்ணீர் என்று கொஞ்ச வேலை; கோடையில் அதுவும் இல்லை. வேலை எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதைத் தண்ணீரும் பருவமும் முடிவு செய்கின்றன. உடம்பைக் கேட்டு யாரும் நாற்றுப் பறிப்பதில்லை. உழைப்பில் உடம்பைச் செலவு செய்கிறோம். பயிற்சியில் அதே உடம்பைப் பராமரிக்கிறோம். டிராக்டர் நாள் முழுக்க ஓடுகிறது என்பதற்காக அதற்கு ஆயில் மாற்ற வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே?

அப்பாவின் கால்

நான் ஓடத் தொடங்கியது ஆசையால் இல்லை. என் அப்பா டெல்டாவில் மூன்றரை ஏக்கர் வைத்திருந்த விவசாயி. மாடு கட்டி உழுதவர். சந்தைக்குப் போக ஏழு மைல் நடை, வர ஏழு மைல் நடை. ஒல்லியான உடம்பு. அவருக்குச் சர்க்கரை வரும் என்று யாரும் நினைக்கவில்லை, ஆனால் வந்தது. மாத்திரையும் சாப்பிட்டார், வேலையும் பார்த்தார்.

ஒரு தை மாதம், சம்பா அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு நடந்தபோது அரிதாள் குத்தியது. அவருக்கு வலிக்கவில்லை. வலிக்காததுதான் நோய் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சர்க்கரை பல வருடம் கட்டுப்படாமல் இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகின்றன. காலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைகிறது. முள் குத்தினாலும் உணர்வில்லை, காயம் ஆறவும் வழியில்லை. ஒரு வாரம் கழித்து அம்மா வாடை கண்டுபிடித்துத்தான் காலைத் திருப்பிப் பார்த்தோம். முதலில் இரண்டு விரல் போனது. இரண்டு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் திண்ணையில் உட்கார்ந்தபடி வயலைப் பற்றி எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒருநாள் சொன்னார்: “இந்தக் காலு என்னை எவ்வளவு தூரம் தூக்கிக்கிட்டு போச்சு. நான் ஒரு நாளாவது குனிஞ்சு அதைப் பார்த்தேனா?”

எனக்கு 51 வயதில் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. மருத்துவர் நடக்கச் சொன்னார். நடந்தேன், ஆறு மாதத்தில் நடை மெல்ல ஓட்டமானது. சாகப் பயந்து ஓடவில்லை. திண்ணைக்குப் பயந்து ஓடுகிறேன். இவ்வளவுதான் என் காரணம். இன்றுவரை சர்க்கரை அந்த எல்லையைத் தாண்டவில்லை.

தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எரிபொருளாக இழுத்துக்கொள்கிறது. ஓட்டம் முடிந்த பிறகும் அந்தப் பலன் ஒரு நாள் வரை நிற்கிறது. அதனால்தான் ஒரே நாளில் மூச்சு முட்ட ஓடுவதைவிட, விட்டுவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது நல்லது.

கிராமத்துக்கு இது வராது என்று இருக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முன்னின்று நடத்தி 2023ல் வெளியான ஆய்வுப்படி, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். நகரத்தில் நூற்றுக்கு 16 பேர், கிராமத்தில் நூற்றுக்கு 9 பேர். உழைப்பு ஓரளவு காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் உழவுக்கு டிராக்டர், நடவுக்கு இயந்திரம், அறுவடைக்கு இயந்திரம், வரப்பு வரைக்கும் மோட்டார் சைக்கிள் என்று ஆகிவிட்டது. தட்டில் போடும் சோறு மட்டும் மாடு கட்டி உழுத காலத்து அளவிலேயே இருக்கிறது.

ஓடிய விவசாயிகள்

ஓட்டம் நகரத்துக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் ஃபவுஜா சிங்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சாபில் ஜலந்தர் அருகே பியாஸ் பிண்ட் கிராமத்து விவசாயி. சிறுவயதில் கால்கள் பலமில்லாமல், ஐந்து வயது வரை நடக்கவே இல்லை. மகனை விபத்தில் பறிகொடுத்த துக்கத்திலிருந்து மீளத்தான் முதுமையில் ஓட ஆரம்பித்தார். 2000ல் லண்டன் மாரத்தானில் 42 கிலோமீட்டர் ஓடி முடித்தபோது அவருக்கு வயது 89. 2011ல் கனடாவின் டொராண்டோவில், 100 வயதில், 8 மணி 11 நிமிடத்தில் முடித்தார். நம் தாத்தாக்களைப் போல அவருக்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அதனால் கின்னஸ் புத்தகம் அந்தச் சாதனையை ஏற்கவில்லை. 2025 ஜூலையில், 114 வயதில், சொந்த ஊரில் சாலையில் நடந்து போகும்போது வாகனம் மோதி இறந்தார். அதுவரை கால் அவரைக் கைவிடவில்லை.

ஆஸ்திரேலியாவில் கிளிஃப் யங் என்ற உருளைக்கிழங்கு விவசாயி இருந்தார். 1983ல், 61 வயதில், சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை 875 கிலோமீட்டர் போட்டியில் இளைஞர்களோடு இறங்கினார். கால் தூக்கி ஓடாமல், காலைத் தேய்த்துத் தேய்த்து ஓடினார். மற்றவர்கள் தூங்கிய நேரத்திலும் போய்க்கொண்டே இருந்து, 5 நாள் 15 மணி நேரத்தில் முதலாவதாக வந்தார். பரிசுப் பணத்தை மற்ற ஓட்டக்காரர்களுக்கே கொடுத்துவிட்டார்.

சென்னையிலேயே ஒருவரைச் சொல்வதென்றால், முன்பு மேயராக இருந்து 2021ல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன். கட்சியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர். 2004ல் சாலை விபத்தில் காலில் பலத்த அடி. ஐம்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தவர்.

இந்த மூவரில் யாரும் சின்ன வயதில் தொடங்கி வளர்ந்த மாரத்தான் வீரர்கள் இல்லை. இருக்கிற உடம்போடு, இருக்கிற வயதில் தொடங்கினார்கள்.

ஓட வேண்டாம், இதைச் செய்யுங்கள்

மன்னார்குடி ஐயாவுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் ஓட வேண்டியதில்லை. வேலை இல்லாத மாதங்களில் தினமும் அரை மணி நேரம் கைவீசி நடந்தால் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வயலுக்கு நடந்தே போனால் பாதி கணக்கு முடிந்துவிடும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும், சர்க்கரை திடீரென்று இறங்கினால் உதவும்.

முப்பது வயதைத் தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள். 2021லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது.

ஓடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பிப் பார்ப்போம். கொப்புளம், வெடிப்பு, சிவப்பு ஏதாவது இருந்தால் அன்றைக்கே கவனிப்போம். இந்த ஒன்றை மட்டும் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வயலிலிருந்து வந்ததும் கால் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணிக்கால் இருந்தால் பிளேடு வைக்காதீர்கள். மரத்துப்போன காலோடு அரிதாளில் வெறுங்காலாக இறங்காதீர்கள். குத்தியது வலிக்கவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள்; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.