கூப்பிடு தூரத்து மலைகள்

லலிதகிரி, உதயகிரி, ரத்னகிரி. பெயரில் மூன்றும் கிரிகள்தாம். பழனி படிகளில் ஏறிப் பழகிய கால்கள் இவற்றை மலை என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் தயங்கும். சுற்றிலும் நெல்வயல், நடுவில் பாறைக்குன்று. வேர்த்து விறுவிறுப்பதற்குள் உச்சி வந்துவிடுகிறது. ஆனால் பௌத்தம் இந்தியாவில் கடைசிவரை தாக்குப்பிடித்த இடங்களில் இந்த ஒடிசாக் குன்றுகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. கி.மு. காலத்தின் இறுதியிலோ கி.பி.யின் தொடக்கத்திலோ லலிதகிரியில் ஆரம்பித்த துறவி வாழ்க்கை, பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை ஏதாவது ஒரு குன்றில் அணையாமல் இருந்திருக்கிறது.

புவனேஸ்வரத்திலிருந்து காலையில் கிளம்பினால் ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். சுற்றுலாக்காரர்கள் இதற்கு ‘வைர முக்கோணம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டி பேசும்போது ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புவனேஸ்வரத்தை ஒட்டியே இன்னொரு உதயகிரி இருக்கிறது. காரவேலன் காலத்துச் சமணக் குகைகள் உள்ள குன்று அது. நாம் போக வேண்டியது ஜாஜ்பூர் மாவட்டத்து உதயகிரிக்கு. கட்டாக் போகும் வழியில் பஹாளாவில் சாலையோரம் வரிசையாக ரசகுல்லாக் கடைகள் வரும். அங்கே நிறுத்தாத ஓட்டுநரை நான் கண்டதில்லை. பிறகு சண்டிகோல் வந்து, பாரதீப் துறைமுகச் சாலையில் திரும்ப வேண்டும். லலிதகிரிக்கு ஏறக்குறைய 90 கி.மீ.

துறைமுகச் சாலை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரையும் உலகத்தையும் விட்டு விலகத்தான் பிக்குகள் மலையேறினார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். இந்த மூன்று குன்றுகளும் அதற்கு நேர்மாறான சாட்சி. பிம்பிசார மன்னன் புத்தருக்கு மூங்கில் தோப்பைக் கொடுத்த கதையிலேயே, துறவிகள் தங்கும் இடம் ஊருக்கு ரொம்பத் தள்ளியும் இருக்கக்கூடாது, ரொம்பப் பக்கத்திலும் இருக்கக்கூடாது என்ற கணக்கு வருகிறது. பிச்சைக்குப் போய் மதியத்துக்குள் திரும்ப வேண்டுமே! கூப்பிடு தூரத்தில் ஊர், கீழே பிராமணி, பிரூபா ஆறுகள், ஆற்றோடு போனால் கடல். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் உலகம் தெரிந்தவர்கள்.

பல வழிகாட்டிகள் வண்டியை முதலில் ரத்னகிரிக்கு விடுவார்கள். அழகானதை முதலில் காட்டி ஆளை அசத்திவிட வேண்டும் என்பது அவர்கள் தொழில் நுணுக்கம். கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். லலிதகிரியில் தொடங்கி ரத்னகிரியில் முடித்தால்தான் பௌத்தம் மாறிய கதை புரியும்.

லலிதகிரியில் தூங்கானை வடிவத்தில் ஒரு செங்கல் சைத்தியம் இருக்கிறது. சுவர்கள் முழங்கால் உயரத்துக்கு மேல் அதிகம் மிஞ்சவில்லை. யானையின் பின்புறம்போல் வளைந்த அந்தக் கோடும் அதற்குள் நிற்கும் வட்டமான தூபியின் அடித்தளமும் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. கும்பிட வந்தவர்கள் தூபியைத்தான் சுற்றி வந்தார்கள். குன்றின் உச்சியில் பெரிய தூபி. 1985இல் தொடங்கிய தொல்லியல் துறை அகழாய்வில் அதற்குள்ளிருந்து பேழைகள் கிடைத்தன. வெளிப்பேழை கோண்டலைட் என்ற உள்ளூர்க் கல், அதற்குள் மாக்கல் பேழை, மாக்கல்லுக்குள் வெள்ளி, வெள்ளிக்குள் தங்கம், தங்கத்துக்குள் சின்ன எலும்புத் துணுக்கு. நம் வீட்டுக் கல்சட்டி செய்கிற அதே மாக்கல்தான். அந்த எலும்பு புத்தருடையது என்று வழிகாட்டி அடித்துச் சொல்வார். ஆய்வாளர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. யாருடையதாக இருந்தாலும், நான்கு அடுக்குக்குள் வைத்துப் பூட்டும் அளவுக்கு அது ஒருகாலத்தில் யாருக்கோ பெரிய பொருள். பேழைகளுக்காகவே குன்றடியில் ஓர் அருங்காட்சியகம் கட்டி 2018 டிசம்பரில் திறந்தார்கள்.

இந்த இடிபாடுகளைக் கதைக்குள் கொண்டுவந்த முதல் பெரிய எழுத்தாளர் ஒரு வங்காளி. பங்கிம் சந்திரர் 1880களில் ஜாஜ்பூரில் அரசு அதிகாரியாக இருந்தவர். 1887இல் வந்த ‘சீதாராம்’ நாவலில் லலிதகிரியையும் உதயகிரியையும் பிரூபா ஆற்றையும் விவரித்து, இப்படிச் சிலை செதுக்கிய கைகள் எங்கே போயின என்று புலம்பித் தீர்த்திருக்கிறார். அந்தப் புலம்பல் முழுக்க நியாயம் இல்லை. குன்றுக்குக் கீழே சுகுவாபடா என்ற ஊரில் இன்றும் கல்தச்சர்கள் உளியோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உதயகிரியில் வேகமாக நடக்கலாம். குதிரை லாடம்போல் வளைந்த குன்றின் மடியில் இரண்டு விகாரைகள். கிடைத்த மண் முத்திரை ஒன்றில் ‘மாதவபுர மகாவிகாரை’ என்ற பெயர் இருக்கிறது. இங்குள்ள பெரிய தூபியின் நான்கு பக்கமும் ஒவ்வொரு புத்தர். நான்குக்கும் வேறு வேறு கைமுத்திரை, வேறு வேறு பெயர். லலிதகிரியில் எலும்பைச் சுற்றி வந்த பக்தி, இங்கே திசைக்கொரு புத்தராக விரிந்துவிட்டது. நான் அதிக நேரம் நின்றது பாறையைக் குடைந்து படி இறக்கிய கிணற்றருகே. வெட்டிக் கொடுத்தவர் ராணகர் வஜ்ரநாகர் என்று கிணற்றிலேயே கல்வெட்டு இருக்கிறது. ராணகர் என்பது சிற்றரசர் பட்டம். பிக்குகளுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குப் பணம் வேண்டும், பணம் தந்தவருக்குப் பெயர் வேண்டும்.

வழிகாட்டிகள் இந்தக் கட்டத்தில் யுவான் சுவாங்கை இறக்குவார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒட்ர தேசத்துக்கு, அதாவது இந்த ஒடிசாப் பகுதிக்கு, வந்த அந்தச் சீனத் துறவி, நூற்றுக்கு மேற்பட்ட மடங்களையும் பதினாயிரம் பிக்குகளையும் பற்றி எழுதியிருக்கிறார். மலைமேல் இருந்த புஷ்பகிரி மடத்தின் தூபி விரத நாட்களில் ஒளி விடும் என்றும் குறித்திருக்கிறார். அந்தப் புஷ்பகிரி எது? உதயகிரியில் கேட்டால் இதுதான் என்பார்கள், லலிதகிரியில் கேட்டால் அதுதான் என்பார்கள். மூன்றும் சேர்ந்தே புஷ்பகிரி என்று சமாதானம் சொன்னவர்களும் உண்டு. 1990களில் பக்கத்து லாங்குடி மலையைத் தோண்டியபோது அந்தப் பெயரை ஒத்த கல்வெட்டு கிடைத்தது. வழக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. வழிகாட்டியோடு வாதாடாதீர்கள், மதியச் சாப்பாடு ஆறிவிடும். யுவான் சுவாங் சொன்ன இன்னொரு தகவல்தான் எனக்குப் பிடித்தது. ஒட்ர தேசத்துக் கடற்கரைத் துறைமுகத்தில் நின்றால், தெளிவான இரவில் சிங்களத் தீவில் புத்தரின் பல்லை வைத்த தூபியில் பதித்த மணியின் ஒளி தெரியுமாம். தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அந்தத் துறைமுகத்து மக்கள் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்பது தெரிகிறது.

ரத்னகிரிக்கு அரை நாளே ஒதுக்கலாம். 1958 முதல் 1961 வரை இந்த மேட்டைத் தோண்டி உலகுக்குக் காட்டியவர் தேவலா மித்ரா. பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையின் முதல் பெண் தலைமை இயக்குநர் ஆனவர். செங்கல் சுவருக்கு நடுவே திடீரென்று பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு கல்வாசல் வரும். முதல் விகாரையின் வாசல் அது. குளோரைட் கல், வெண்ணெய்போல் வெட்டுப்படும், காய்ந்தபின் விளிம்பு மழுங்காமல் நிற்கும். நிலைக்கால் முழுக்கக் கொடிச்சுருள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வோர் இலையின் மடிப்புக்கும் அடியில் உளி புகுந்து வந்திருப்பது தெரியும், நிழல் அங்கே தங்குகிறது. மேலே விட்டத்தில் கஜலட்சுமி அமர்ந்திருக்கிறாள். புத்த மடத்து வாசலில் லட்சுமிக்கு என்ன வேலை என்று நம்மவர்கள் கேட்காமல் இருப்பதில்லை. பௌத்தர்கள் அவளைச் சாஞ்சி, பார்ஹுத் காலத்திலிருந்தே அறிவார்கள். நம் வீட்டு நிலைப்படிக்கு மேல் இருப்பதைப்போல்தான் அங்கேயும் இருக்கிறாள்.

உள்ளே முற்றம், சுற்றி 24 அறைகள், எதிரே கருவறை. நிலத்தைத் தொட்ட கையோடு பெரிய புத்தர், இருபுறமும் பத்மபாணியும் வஜ்ரபாணியும். மாடிக்கு ஏறிய படிக்கட்டு பாதியில் நிற்கிறது.

வெளியே வந்தால் சின்னத் தூபிகளின் காடு. ஒரே கல்லில் செதுக்கிய இவை மட்டும் எழுநூறுக்கு மேல். கைக்குள் அடங்குவது முதல் ஆள் உயரம் வரை பல அளவு. மாடத்துக்குள் தாரை, லோகேசுவரர், மஞ்சுஸ்ரீ. ‘வேண்டுதல் தூபி’ என்று வழிகாட்டி சொல்வார், பெயர்ப்பலகையும் அதையே சொல்லும். பிள்ளை வரம் கேட்டுக் கட்டும் தொட்டில்போல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். கிரெகரி ஷோப்பன் என்ற ஆய்வாளர் இதை மறுத்தார். பலவற்றில் எலும்பு இருந்தது. சிலவற்றில் எலும்பு வைப்பதற்காகவே குழி வெட்டியிருந்தது. கூடவே தாரணி மந்திரங்கள் பதித்த களிமண் வில்லைகள். புனிதரின் தூபிக்குப் பக்கத்தில் தன் எலும்பும் கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களின் இடம் இது என்றார் அவர். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் படுகிறது. பெரிய தூபியை நெருங்க நெருங்கச் சின்னவை எவ்வளவு நெருக்கியடித்து நிற்கின்றன என்று பாருங்கள். காசிக்குப் போய்ச் சாக விரும்பும் மனசுக்கு இது புரியும்.

இந்த இடத்துக்கு வாழ்வு கொடுத்த பௌமகரர்கள் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை ஜாஜ்பூர் பக்கத்தில் ஆண்டவர்கள். திரிபுவன மகாதேவி, தண்டி மகாதேவி என்று பெண்களும் அரியணையில் அமர்ந்த மரபு. ஆரம்பகால மன்னர்கள் தங்களைப் பரம சௌகதர், பரம தாதாகதர் என்று பௌத்தப் பட்டங்களால் அழைத்துக்கொண்டார்கள். 795இல் ஒட்ர மன்னன் ஒருவன் கண்டவியூக சூத்திரத்தின் ஏட்டுப்படியைத் தன் கைப்பட எழுதிச் சீனப் பேரரசன் தேசோங்குக்கு அனுப்பினான். அவன் பௌமகர மன்னன் சுபாகரன் என்பது பலர் கருத்து. பிரக்ஞர் என்ற துறவி அதைச் சீனத்தில் மொழிபெயர்த்தார்.

கண்டவியூகம் ஓர் ஊர்சுற்றிக் கதை. சுதனன் என்ற இளைஞன் ஞானம் தேடி ஒவ்வோர் ஆசிரியராகப் பார்த்துக்கொண்டே தெற்கு நோக்கி நடக்கிறான். துறவிகள் மட்டும் அல்ல. மாலுமி, வாசனைத் திரவிய வியாபாரி, கணிகை, சிறுவர்கள்கூட அவனுக்கு ஆசிரியர்கள். அதில் ஒருவர் பெயர் மேகர். வஜ்ரபுரம் என்ற திராவிடப் பட்டினத்தில் இருந்த திராவிடர் என்றே சூத்திரம் அவரை அறிமுகப்படுத்துகிறது. நம் பக்கத்துத் தொடர்பு அத்தோடு நிற்கவில்லை. காஞ்சிக்கு அருகில் பிறந்ததாகச் சொல்லப்படும் தர்க்க மேதை திக்நாகர் ஒட்ர தேசத்துக் குகை ஒன்றில் தங்கியிருந்து எழுதினார் என்கிறது திபெத்திய மரபு. கண்டவியூகத்தைக் கல்லில் பார்க்க வேண்டுமானால் கடல் தாண்டி ஜாவாவுக்குப் போக வேண்டும். போரோபுதூரில் 460 புடைப்புச் சிற்பங்கள் சுதனனின் நடையைச் சொல்கின்றன. வயலுக்கு நடுவே இருந்த குன்றுகளின் ஊர்க்காரர்கள் சீனத்துக்கு ஏடு அனுப்பிய அதே காலத்தையொட்டித்தான் அதுவும் எழுந்தது.

ரத்னகிரி மேட்டில் வேலை இன்னும் முடியவில்லை. 2024 டிசம்பரில் தொல்லியல் துறை மறுபடி மண்வெட்டியை எடுத்தது. சில வாரங்களுக்குள் பெரிய புத்தர் தலைகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. மித்ராவின் நூலை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கும் புதிதாகப் பார்க்க ஏதாவது இருக்கும். தளத்து அருங்காட்சியகத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். மூன்று குன்றுகளும் பார்த்த களைப்பில் வருகிறவர்கள் அங்குள்ள தாரைகளை நின்று பார்ப்பதில்லை, வண்டியின் நிழலைத்தான் தேடுகிறார்கள்.