பின்விளக்கு

எங்கள் அம்பாசிடர் 1996 மாடல், டீசல் வண்டி. ஓய்வுபெற்ற ஆசிரியத் தோழர் ஒருவர் இயக்கத்துக்கு விட்டுக்கொடுத்தது. 2014இல் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தயாரிப்பு நின்றபோது, அமைச்சர்களின் கார் போய்விட்டதே என்று எழுதினார்கள். எங்களுக்கு அது சாட்சிகளின் கார். வன்கொடுமை வழக்குகளில் சாட்சி சொல்ல வருகிறவர்களைச் சேரியிலிருந்து ஏற்றி, சிறப்பு நீதிமன்றத்தில் இறக்கி, மாலையில் திரும்பக் கொண்டுபோய் வீட்டில் விடும் வண்டி.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன்படி சாட்சிக்குப் பயணப்படி கொடுக்க வேண்டியது அரசின் கடமை. 2015 திருத்தச் சட்டம் அதைச் சாட்சியின் உரிமையாகவே எழுதிவைத்தது. கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்தப் பணம் கைக்கு வந்தாலும், கடைசிப் பேருந்து போன பிறகு குற்றவாளிகளின் தெரு வழியாக நடந்து வீட்டுக்குப் போக வேண்டிய பயத்தைப் பணம் போக்காது. வண்டி அதற்குத்தான்.

சென்ற ஆண்டு ஒரு வாய்தாவுக்குப் போய்விட்டு இரவு திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் ஒரு அம்மாவும் அவர் மகளும். மகன் தாக்கப்பட்ட வழக்கில் அந்த அம்மாதான் முக்கியச் சாட்சி. சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். வலதுபக்கப் பின்விளக்கு எரியவில்லை. அபராதம் எழுதிவிட்டு அனுப்பியிருக்கலாம். முக்கால் மணி நேரம் நிற்கவைத்து, உள்ளே யார், எந்த ஊர், எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று ஒவ்வொருவர் பெயராக எழுதிக்கொண்டார்கள். மறுநாள் காலையிலேயே, யாருடைய வண்டியில் யார் கோர்ட்டுக்குப் போனார்கள் என்ற செய்தி ஊர்த்தெருவில் இருந்தது.

இனி சாட்சி சொல்ல வரமாட்டார் என்றே நினைத்தோம். போய்ப் பார்த்தபோது அவர் சொன்னது வேறு. "நான் வரேன் தம்பி. ஆனா அவங்க நம்மள நிறுத்துறதுக்கு நாமளே காரணம் குடுக்கக்கூடாது. மொதல்ல அந்த லைட்டப் பாருங்க."

பார்த்தோம். பல்பு போகவில்லை. விளக்கைச் சுற்றியிருக்கும் குரோம் வளையத்தில் முலாம் உரிந்து, துரு ஏறி, விளிம்பு வளைந்திருந்தது. அதற்கடியில் இருக்கும் ரப்பர் பேக்கிங் காய்ந்து வெடித்திருந்தது. அந்த இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கி, பல்பு ஹோல்டர் பச்சை பூத்து, எர்த் விட்டுப்போயிருந்தது. அழகுக்கு வைத்தது என்று நாங்கள் அலட்சியமாக விட்ட வளையம்தான் விளக்குக்குள் தண்ணீர் போகாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாய்தாவுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு இளம் தோழர் புதிதாகக் குரோம் போட்டுவிடலாம் என்றார். "நம்ம வண்டின்னா நசுங்கிப்போயி, துருப்பிடிச்சுத்தான் இருக்கணுமா?" என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. 1927இல் மகாடில் பெண்களிடம் பேசிய அம்பேத்கர், சாதியைக் காட்டிக்கொடுக்கும் உடையையும் நகையையும் விடச் சொன்னார். பளிச்சென்று இருப்பது நமக்கு ஆடம்பரம் அல்ல. அது மறுக்கப்பட்டிருந்த உரிமை.

வளையங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஒரு முலாம் பட்டறைக்குப் போனோம். பழைய முலாமை உரித்து, செம்பு, நிக்கல், அதன்மேல் மிக மெல்லியதாகக் குரோமியம் என்று வரிசையாகப் போட வேண்டும் என்றார்கள். குரோமியத் தொட்டியிலிருந்து மஞ்சளாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கையுறை இல்லாமல் ஒரு பையன் கம்பிகளைத் தூக்கி மாட்டினான். விரல்களில் வட்ட வட்டமாகப் புண். எந்த ஊர் தம்பி என்று கேட்டோம். "காலனிதாங்கண்ணா" என்றான். அதற்கு மேல் அவன் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

எங்களில் பலர் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலாளர்களின் பிள்ளைகள். குரோமியம் எங்கள் வீட்டுக்குப் பழைய பெயர். தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. தோல் பதனிடப் பயன்படுவது வேறு வகைக் குரோமிய உப்பு. முலாம் தொட்டியில் இருப்பது அதைவிடக் கொடிய ஹெக்சாவேலன்ட் குரோமியம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது இதைத்தான். தோலைத் துளைத்துப் புண்ணாக்கும். மூக்கின் நடுத்தடுப்பையே ஓட்டையாக்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் குரோமியப் புண்ணையும் சேர்த்தது. அந்தப் பையனின் விரல்களைப் பற்றி யாரும் யாருக்கும் தெரிவித்ததாகத் தெரியவில்லை. கையுறை பற்றிக் கேட்டதற்கு முதலாளி, "குடுத்தாலும் போடமாட்டானுங்க" என்றார்.

வளையங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். இரண்டு ரிங்குக்கு நாம் முலாம் போடாததால் அந்தத் தொட்டி மூடப்படாது என்று எங்களுக்குள் ஒருவர் சொன்னார். உண்மைதான். அதனால்தான் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனுவும் கொடுத்திருக்கிறோம். ஆனாலும் அந்த விரல்களைப் பார்த்த பிறகு வளையத்தை அங்கே வைத்துவிட்டு வர எங்களால் முடியவில்லை.

மிச்சமிருந்ததை நாங்களே செய்தோம். சோப்புத் தண்ணீரில் கழுவி, சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் துருப்புள்ளிகளின் மேல் மெதுவாகத் தேய்த்தோம். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. துருவை எடுக்கும், முலாமைக் கீறாது. உப்புத்தாள் போட்டால் இருக்கிற முலாமும் போய்விடும். பிறகு உலோகப் பாலிஷ், அதன்மேல் மெழுகு. முலாம் முற்றிலும் உரிந்த இடத்தைத் தேய்த்துப் பயனில்லை. துருவை நீக்கி வெள்ளி பெயிண்ட் அடித்தோம். வளைந்த விளிம்பை மரக்கட்டை வைத்துத் தட்டி நேராக்கினோம். மங்கிய சிவப்புக் கண்ணாடியை ஆயிரம், பிறகு இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட்டோம். சென்னை போன தோழர் புதுப்பேட்டையில் அலைந்து பேக்கிங் வாங்கிவந்தார். ஹோல்டரைச் சுரண்டி, எர்த் கம்பியைப் புதிதாக முறுக்கி, ஐந்துக்கு இருபத்தொன்று வாட் பல்பு போட்டோம். ஸ்விட்சைப் போட்டதும் எரிந்தது. பிரேக்கை மிதித்தால் பளிச்சென்று கூடியது.

வேலை செய்தவர்களில் நான்கு பேர் கல்லூரி மாணவர்கள். இதற்கெல்லாமா இயக்கத்துக்கு வந்தோம் என்று ஒருவர் முதல் நாள் சிரித்தார். இதற்கும்தான். வழக்குகள் தோற்பது தீர்ப்பு நாளில் மட்டும் அல்ல. சாட்சி வந்துசேராத நாளிலும் தோற்கின்றன. பஞ்சரான டயர், காலாவதியான இன்சூரன்ஸ், எரியாத விளக்கு என்று ஒவ்வொன்றும் நம்மை நிறுத்தக் காத்திருக்கிறவர் கையில் நாம் கொடுக்கும் காகிதம். எல்லாம் சரியாக இருந்தாலும் நிறுத்துவார்கள் என்பது நமக்குத் தெரியும். அப்போது அவர்களிடம் காரணம் இருக்காது. அதை எழுதிவைக்கலாம், கேள்வி கேட்கலாம், மனுவில் சேர்க்கலாம்.

வாய்தா நாளன்று விடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மா கதவைத் திறக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் போய் நின்று, "போடுங்க தம்பி" என்றார். போட்டோம். வலதுபக்க வளையத்தில் கைவைத்துப் பார்த்தார். பெயிண்ட் அடித்த இடம் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. "ரெண்டும் எரியுது" என்று மகளிடம் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அன்று அவர் இரண்டு மணி நேரம் சாட்சி சொன்னார். இரவு அதே சாவடியில் வண்டி மெதுவாகப் போனது. யாரும் கை காட்டவில்லை. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் வண்டியையும் இன்று மாலை ஒருமுறை பின்னால் போய்ப் பாருங்கள் தோழர்களே.

ஜெய்பீம்.